கடைமடையில் ஒரு தலைநகரம்

தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் கயானா என்று ஒரு சின்ன நாடு. அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனில், மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்ததைப் பற்றிப் போன இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். முப்பத்து நாலு வருஷம் பொதுப்பணித் துறையில், காவிரிக் கடைமடையில் வாய்க்காலும் வடிகாலும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பயணக் கட்டுரை எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. கட்டுரைக்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு கட்டாகக் கட்டி அனுப்பி, “நீங்களே பதில் எழுதிவிடுங்கள்” என்றார். பலரும் கேட்டிருந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜார்ஜ் டவுன் என்றால் எங்களுக்குப் பாரிமுனைதான். பினாங்கிலும் ஒன்று உண்டு என்கிறார்கள். நீங்கள் சொல்லும் ஜார்ஜ் டவுன் எங்கே இருக்கிறது?
– வாசகர், மண்ணடி, சென்னை

டெமராரா ஆறு அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கும் இடத்தில், ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பெரிய மளிகைக் கடைகளில் ‘டெமராரா சர்க்கரை’ என்று பழுப்பு நிறத்தில் விற்கிறார்களே, அந்தப் பெயர் இந்த ஆற்றுக்கரைக் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்ததுதான். உங்கள் மண்ணடிப் பக்கத்து ஜார்ஜ் டவுன் ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் அமைந்தது. இது மூன்றாம் ஜார்ஜ் பெயரில் 1812-ல் வைத்தது. அதற்கு முன்னால் 1782-ல் பிரெஞ்சுக்காரர்கள் இதை லாங்ஷாம் என்றார்கள். 1784-ல் டச்சுக்காரர்கள் ஸ்டாப்ரூக் என்று மாற்றினார்கள். மூன்று பேர் கைமாறிய ஊர். நாடு 1966 மே 26-ல் விடுதலை பெற்றது. தென் அமெரிக்காவிலேயே ஆங்கிலம் ஆட்சிமொழியாக உள்ள ஒரே நாடு இதுதான் என்பதால் நமக்கு மொழிச் சிக்கல் கிடையாது. நாடு முழுக்கச் சேர்த்தே சுமார் 8 லட்சம் பேர். நம் நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது.

என் மைத்துனர் அமெரிக்காவில் இருக்கிறார். “ஜார்ஜ் டவுனில் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு ராத்திரி தங்கிவிட்டு நேரே அருவிக்குப் போய்விடு” என்கிறார். எத்தனை நாள் ஒதுக்கலாம்?
– வாசகி, ஸ்ரீரங்கம்

அம்மா, இந்தக் கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது. கையட்டூர் அருவி பார்க்க வேண்டியதுதான். 226 மீட்டர் ஒரே வீழ்ச்சி. நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜார்ஜ் டவுனை அருவிக்கு வழியில் உள்ள பேருந்து நிலையம் போல நடத்துகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாலு முழு நாள் கொடுங்கள். இரண்டாவது நாளே ஊர் உங்களோடு பேச ஆரம்பித்துவிடும்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கே ஸ்டாப்ரூக் மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள். 1881-ல் கட்டிய இரும்புக் கட்டடம், நடுவில் மணிக்கூண்டு. ஒரு பகுதி ஆற்றின் மேலேயே நிற்கிறது. மீன், நகை, துணி, பூட்டு ரிப்பேர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பக்கத்துப் படகுத் துறையிலிருந்து அக்கரையில் உள்ள ஃப்ரீட்-என்-ஹோப் ஊருக்கு வேகப்படகுகள் போய் வந்துகொண்டே இருக்கும். படகுத் துறையை இன்றும் டச்சுச் சொல்லால் ‘ஸ்டெல்லிங்’ என்றுதான் சொல்கிறார்கள். அக்கரை போய், இறங்காமல்கூடத் திரும்பி வரலாம். ஆற்றின் நடுவிலிருந்து ஊரைப் பார்ப்பதற்காகவே நான் மூன்று முறை போனேன்.

பிறகு மரக் கட்டடங்கள். புனித ஜார்ஜ் தேவாலயம் முழுக்க மரத்தால் ஆனது, உயரம் 43 மீட்டர், 1892-ல் திறந்தது. உள்ளே போனால் தேர்முட்டியில் நிற்கும் பெரிய தேரின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது போல இருக்கும். எந்தச் சட்டம் எதைத் தாங்குகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து போகலாம். 1889-ல் கட்டிய நகர மண்டபமும் மரம்தான். மரத்தால் கட்டிய ஊருக்குத் தீதான் எமன். 1945-ல் ஊரின் நடுப்பகுதியை ஒரு பெரிய தீ தின்றுவிட்டது. இன்று நிற்பதெல்லாம் தப்பிப் பிழைத்தவை.

ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பாருங்கள். பழைய வீடுகளில் ‘டெமராரா சன்னல்’ என்று ஒன்று உண்டு. கீல் மேலே இருக்கும். கீழ்ப்பக்கத்தை வெளியே தள்ளிக் குச்சி கொடுத்து நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் துளையிட்ட பலகை அடைத்திருக்கும். வெயிலும் மழையும் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். அந்தக் காலத்தில் சன்னலின் அடிப்பலகையில் ஐஸ் கட்டி வைப்பார்களாம். கடற்காற்று அதைத் தொட்டுக் குளிர்ந்து உள்ளே வரும். எங்கள் தெருமுனையில் இருந்த ஒரு வீட்டுச் சன்னலில், தண்ணீர் வடிவதற்காகப் பலகையில் செதுக்கிய சின்னக் காடி இருந்தது. விரல் நுழையும் அகலம்தான். அதை இழைத்த தச்சனின் உளி கோணாமல் போயிருந்தது.

மூன்றாம் நாள் தாவரவியல் பூங்கா. அங்கே குளத்தில் கடற்பசுக்கள் இருக்கின்றன. கரையில் புல்லைப் பிடுங்கி நீட்டினால் மூக்கை மட்டும் தூக்கி வந்து கையிலிருந்து வாங்கிக்கொள்ளும். நம் பாக் நீரிணைக் கடற்பசுவுக்குத் தூரத்து உறவு. நம்முடையதைப் பார்ப்பது அரிது. அங்கே கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது. அதே பூங்காவில் தாம்பாளம் போல விளிம்பு மடங்கிய விக்டோரியா அல்லி. அதுதான் அந்த நாட்டின் தேசிய மலர்.

அருவி விமானம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள ஓகிள் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானங்கள் போகின்றன. போதுமான ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். நாங்கள் பணம் கட்டிய நிறுவனம் இரண்டு முறை காலையில் போன் செய்து இன்று இல்லை என்றது. மூன்றாவது முறை நாங்களே விட்டுவிட்டோம். பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. வேறு நிறுவனத்தில் போய்ப் பார்த்தோம். ஆகவே அருவியைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

“ஊரே கடலுக்குக் கீழே இருக்கிறது” என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மழைத் தண்ணீர் எங்கே போகும்? நான் விவசாயி. எங்கள் வயலில் மூன்று நாள் தண்ணீர் நின்றாலே பயிர் அழுகிவிடுகிறது.
– வாசகர், முத்துப்பேட்டை

ஐயா, உங்கள் கடிதத்துக்காகவே இந்தப் பதில்களை எழுத ஒப்புக்கொண்டேன்.

கடல் ஏறும்போது ஜார்ஜ் டவுன் தெருக்கள் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகின்றன. கரையோரச் சமவெளி முழுக்க இப்படித்தான். நாட்டில் பத்துக்கு ஒன்பது பேர் அந்தச் சமவெளியில்தான் இருக்கிறார்கள். முன்னால் கடற்சுவர். தலைநகரில் 1855-ல் ஆரம்பித்து 1892-ல் முடித்தார்கள். பின்னால், தெற்கே, மண்கரை கட்டி நிறுத்திய பெரிய நீர்த்தேக்கம். நம் ஏரி மாதிரிதான். பாசனத்துக்கும் குடிக்கவும் அதிலிருந்து தண்ணீர் வருகிறது. முன்னால் உப்புத் தண்ணீர், பின்னால் நல்ல தண்ணீர், இரண்டுக்கும் நடுவே தாழ்வில் ஊர். தெருவோரமெல்லாம் வடிகால். அந்த வடிகால்கள் ஆற்றிலோ கடலிலோ சேரும் வாயில் ஒரு மதகு. அதற்குக் ‘கோக்கர்’ என்று பெயர். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல்.

வேலை செய்யும் விதம் உங்களுக்குச் சட்டென்று புரியும். கடல் இறங்கியதும் கதவைத் தூக்குவார்கள். ஊர்த் தண்ணீர் தானாக ஓடிவிடும். கடல் ஏறத் தொடங்கியதும் கதவை இறக்கிவிடுவார்கள். நம் கடைமடையில் உப்புத் தண்ணீர் ஏறாமல் தடுக்கும் டெயில் எண்டு ரெகுலேட்டர் இருக்கிறதல்லவா, அதே சங்கதி. நமக்கு அது வயலின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு தலைநகரமே அதை நம்பித் தூங்குகிறது.

நான் தினம் காலையில் நடக்கப் போகும் வழியில் ஒரு கோக்கர் இருந்தது. இரண்டு கருங்காலி நிறத் தூண்கள், மேலே குறுக்குச் சட்டம், நடுவில் சங்கிலியில் தொங்கும் மரக்கதவு. பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. அறைச் சுவரில் ஓதநேர அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல், ஒட்டியிருந்தது. மதகைப் பார்த்துக்கொள்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். நம் துறையில் ‘லஸ்கர்’ என்போமே, அந்த வேலை. ஓதம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளித் தள்ளி வரும். அவர் வேலை நேரமும் அப்படியே தள்ளிக்கொண்டு போகும். இந்த வாரம் காலை ஆறு மணிக்குத் திறந்தால் அடுத்த வாரம் நண்பகலுக்கு. அவருக்கு ஞாயிறு, திங்கள் என்று கிழமை கிடையாது, சந்திரன்தான் மேலதிகாரி.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. “வா, தொட்டுப் பார்” என்று திருகுக் கைப்பிடியைக் கொடுத்தார். இருபது சுற்றுச் சுற்றியிருப்பேன். கதவு விரற்கடை விரற்கடையாக எழும்பியது. முதலில் அடியில் சலசலவென்று ஒரு கோடு, அப்புறம் தண்ணீர் தடிமனாகி, தேநீர் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஆற்றுக்குள் பாய்ந்தது. கூடவே பிளாஸ்டிக் புட்டிகள், தேங்காய் மட்டை, ஒற்றைச் செருப்பு. அவர் நீளக் கம்பியால் குப்பையை ஒதுக்கிக்கொண்டே, “மழை இல்லை, இதுதான் எங்களை மூழ்கடிக்கிறது” என்றார். 2016 ஜனவரியிலிருந்து தெர்மாகோல் சாப்பாட்டுப் பெட்டிகளை அந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள். வடிகால் அடைப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கனமழை பிடித்தால் கதவைத் திறக்க முடியாது. அப்போது பம்பு வைத்து இறைக்க வேண்டும். 2005 ஜனவரியில் பம்பும் போதவில்லை. தலைநகரிலும் அதன் கிழக்கே கடலோரக் கிராமங்களிலும் தண்ணீர் புகுந்தது. பின்னால் இருந்த நீர்த்தேக்கக் கரை உடையுமோ என்று நாடே பயந்தது. அதற்குப் பிறகு நீர்த்தேக்கத்திலிருந்து நேரே அட்லாண்டிக்குக்கு ஹோப் என்ற இடத்தில் ஒரு வெள்ள வடிகால் வெட்டினார்கள். அங்கே வீடுகள் கால் மேல் நிற்பதற்கும் இதுவே காரணம். கீழ்த்தளத்தைத் திறந்து விட்டு, ஊஞ்சல் படுக்கை கட்டி, அங்கேதான் சமையல், அரட்டை எல்லாம்.

இதையெல்லாம் வெட்டியது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். ஒரு சதுர மைல் கரும்புக்கு 49 மைல் வடிகாலும், போக்குவரத்துக்கும் பாசனத்துக்குமாக 16 மைல் வாய்க்காலும் வேண்டியிருந்தது. அதற்காக அவர்கள் மண்வெட்டியால் அள்ளிப் போட்ட ஈரக் களிமண் 10 கோடி டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நான் ஜேசிபி வைத்து வாய்க்கால் தூர்வாரியவன். அந்த எண்ணைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நகரத்தில் 1763 எழுச்சிச் சின்னம் என்று ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. பெர்பிஸ் பகுதியில் அந்த ஆண்டு கிளர்ந்தெழுந்த அடிமைகளின் தலைவர் கஃபியின் நினைவாக 1976-ல் வைத்தது. மதகைப் பார்த்துவிட்டு அங்கே போங்கள். அந்த வரிசையில் போவதுதான் சரி.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?
– வாசகி, பேரூர், கோவை

வேண்டாம் அம்மா. போர்டா மார்க்கெட்டில் பாகற்காய், முருங்கைக்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், முழ நீளக் காராமணிக்காய் எல்லாம் குவிந்து கிடக்கும். காராமணிக்காயை அங்கே ‘போரா’ என்பார்கள். வெளியே சாப்பிட ‘தால் பூரி’ இருக்கிறது. நம் பருப்புப் போளியில் வெல்லத்துக்குப் பதில் சீரகமும் பூண்டும் போட்டது மாதிரி. மாலையில் ‘ஃபுலோரி’ என்ற பருப்புமாவுப் போண்டா, மாங்காய்ப் புளிச் சட்னியோடு. கோயில் விசேஷத்துக்கு யாராவது கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். அகலமான அல்லி இலையில் சோறு போட்டு, பூசணி, மாங்காய், கீரை, கடலை உருளை என்று ஏழு வகைக் கறி ஊற்றுவார்கள். ‘செவன் கறி’ என்றே பெயர். இலையின் விளிம்பு சற்று மேலே மடிந்திருப்பதால் பருப்பு வழியாது.

‘பெப்பர்பாட்’ என்பது மிளகு ரசம் இல்லை, இறைச்சிக் குழம்பு. ‘குக்அப் ரைஸ்’ தேங்காய்ப்பால் சாதம்தான், ஆனால் பெரும்பாலும் உள்ளே கறி கிடக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவம் என்றால் மீன் சேரும் என்று நினைப்பவர்களும் உண்டு, ஆகவே மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா? பாதுகாப்பு எப்படி?
– வாசகி, திண்டுக்கல்

பகலில் போகலாம். இருட்டிய பிறகு நடக்க வேண்டாம். ஸ்டாப்ரூக் மார்க்கெட் பக்கம் மாலைக்கு மேல் வேண்டவே வேண்டாம். தங்கச் சங்கிலியை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வாடகைக் கார் மஞ்சள் நிறத்தில் இருக்கும், நம்பர் பலகை ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கும். அது இல்லாத காரில் ஏறாதீர்கள். மினி பஸ் மலிவு. 42-ம் எண் விமான நிலையம் பக்கம், 40 கிட்டி பக்கம், 44 கிழக்குக் கடற்கரை. பாட்டுச் சத்தத்தில் காது அடைக்கும், ஆனால் வழி சொல்லி இறக்கிவிடுவார்கள். 2019 டிசம்பரில் கடலில் எண்ணெய் எடுக்க ஆரம்பித்த பிறகு ஓட்டல் வாடகை ஏறிவிட்டது. வீட்டோடு நடத்தும் சிறு விடுதிகளைப் பாருங்கள்.

விசா, தடுப்பூசி?
– பலர்

விசா விவரத்தை டெல்லியில் உள்ள கயானா தூதரகத்தில் நேரே கேளுங்கள். நியூயார்க், மயாமி, டொராண்டோ வழியாகப் போவதானால் அந்தந்த நாட்டு விசாவும் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மறக்கவே கூடாது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டு, சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அது இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். மழை மே முதல் ஆகஸ்ட் நடு வரையும், டிசம்பர், ஜனவரியிலும். பிப்ரவரி, மார்ச் அல்லது செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்லது.

என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறி ‘டெமராரா’ போனதாக எங்கள் வீட்டில் சொல்வார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அங்கே போனால் விசாரிக்க வழி உண்டா?
– வாசகர், நாகப்பட்டினம்

உண்டு. ஆனால் பொறுமை வேண்டும்.

1838-ல் முதல் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து போயின. மதராஸிலிருந்து 1845-ல் தொடங்கியது. 1917-ல் இந்த ஒப்பந்தக் கூலி முறை நிற்கும்வரை ஏறக்குறைய 2,39,000 பேர் போனார்கள். பெரும்பான்மை வட இந்தியர்கள். மதராஸ் வழியாகப் போனவர்கள் 15,000 பேர் அளவில்தான். அவர்களில் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு. அங்கே அவர்கள் வழி வந்தவர்களை இன்றும் ‘மதராசி’ என்கிறார்கள்.

ஜார்ஜ் டவுனில் வால்டர் ராட்னி தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அந்த ஊரில் பிறந்து, 1980-ல் அதே ஊரில் கொல்லப்பட்ட வரலாற்றாசிரியரின் பெயர் அது. கப்பல் வாரியாகப் பதிவேடுகள் அங்கே உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருக்கும். கப்பலின் பெயரோ போன வருஷமோ தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், எந்தப் பஞ்சத்தின்போது, எந்தக் குழந்தை பிறந்தபோது போனார் என்றாவது கேட்டு வையுங்கள். பெயரை நாம் எழுதுவது போலத் தேடாதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். நாகமுத்து ‘நாகமூட்டூ’ ஆகிவிட்டார். பெருமாள் ‘பெர்மால்’ ஆகிவிட்டார். 2015 முதல் 2020 வரை அந்த நாட்டின் பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமூட்டூ. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்குப் பந்து வீசியவர் வீரசாமி பெர்மால். பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், ஊர் தெரிந்துவிடும்.

பேச்சில் தமிழ் போய்விட்டது. எங்கே மிச்சம் இருக்கிறது என்று சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு காளிமாய் கோயிலுக்கு மகளோடு போனேன். மாரியம்மா, காத்தேரி, மதுரை வீரன் சன்னதிகள். வாசலில் வேப்பிலை. ஓரமாக நாலு பேர் வைக்கோலைக் கொளுத்தித் தோல் கருவியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெயர் என்ன என்று கேட்டேன். “தப்பு” என்றார் ஒருவர். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கமும் தப்புதான். இன்னொருவர் கையில் உடுக்கை. பூசாரி ஒரு பழைய நோட்டைப் பார்த்துப் பாடினார். ஆங்கில எழுத்தில் தமிழ். பாதி எனக்குப் புரிந்தது, பாதி நூற்றைம்பது வருஷத்தில் தேய்ந்து வேறு ஒலியாகிவிட்டது. பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, “இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? என் பாட்டி சொல்லித் தந்தாள், அர்த்தம் சொல்லவில்லை” என்று நோட்டில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். ‘கும்பிடு’ என்று இருந்தது. நான் வாயால் சொல்லவில்லை. இரண்டு கையையும் கூப்பிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நோட்டில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு உள்ளங்கை வரைந்துகொண்டார்.

நீங்கள் தேடுகிற அண்ணன் பெயரையும் ஊரையும் எனக்கு எழுதுங்கள். மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சனிக்கிழமை காப்பகத்துக்குப் போக முடியாவிட்டாலும், விடுப்பு எடுத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

போர்டா மைதானத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே!
– வாசகர், பாளையங்கோட்டை

தவறுதான். சுனில் கவாஸ்கர் தம் முதல் டெஸ்ட் சதத்தை, 116 ரன், 1971-ல் அடித்தது அங்கேதான். நம் வெங்கட்ராகவன் அந்தத் தொடரில் பந்து வீசினார். போர்டாவைச் சுற்றிலும் அகழி மாதிரி ஒரு வடிகால் ஓடுகிறது. மைதானம் தாழ்வில் இருப்பதால் தண்ணீர் வடிய அதுதான் வழி. கடைசி டெஸ்ட் 2005-ல் நடந்தது. 2007 உலகக் கோப்பைக்காக இந்திய உதவியோடு பிராவிடன்ஸில் புது அரங்கம் கட்டிவிட்டார்கள். ஆனால் போர்டாவின் மரப் பார்வையாளர் மாடத்தைப் போய்ப் பாருங்கள். நான் போன அன்று பள்ளிப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து அகழிக்குள் விழுந்தால் எடுக்க ஒரு மூங்கில் கம்பில் வலை கட்டி வைத்திருந்தார்கள்.

தாத்தா, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அந்தக் கடலில் குளிக்கலாமா? எங்கள் கடல் மாதிரி இருக்குமா?
– மாணவி, வேதாரண்யம்

அம்மாடி, குளிக்க முடியாது. கடல் முழுக்கச் சேற்று நிறம். அமேசான் ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலைக் கடல் நீரோட்டம் அந்தக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு வருகிறது. சேற்றுத் திட்டுகள் கரையோரம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். திட்டு வந்து சேர்ந்த இடத்தில் அலை அடங்கி, கண்டல் செடி முளைக்கும். திட்டு நகர்ந்துவிட்டால் அலை சுவரில் வந்து மோதும். கடல் இறங்கிய நேரத்தில் பார்த்தால் தண்ணீர் எங்கோ தூரத்தில் இருக்கும், நடுவே பளபளவென்று சேறு, அதில் கொக்கு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்த்திருப்பாய். அதே குடும்பத்துக் கண்டலைத்தான் அங்கேயும் கரையைக் காப்பாற்ற நட்டு வளர்க்கிறார்கள்.

குளிக்க முடியாது என்றாலும் மாலை ஐந்து மணிக்கு ஊரே கடற்சுவர் மேல்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமிருக்காது. சுவர் இடுப்பளவு உயரம், மேலே இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிற அகலம். சுட்ட சோளம், இளநீர், அவித்த கடலை. ஒரு பக்கம் கடல் உன் கண்ணுக்கு நேராக இருக்கும். மறுபக்கம் திரும்பினால் தெரு அதைவிடத் தாழ்வாக இருக்கும். முதல் முறை பார்த்தபோது என் கை தானாகச் சுவரை அழுத்திப் பார்த்தது.

ஈஸ்டர் திங்கட்கிழமை அங்கே பட்டம் விடுவார்கள். ஆயிரக்கணக்கில். பட்டத்தின் தலைப்பக்கம் இழுத்துக் கட்டிய நூலில் காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். காற்றில் அது அதிர்ந்து ‘ம்ம்ம்’ என்று பாடும். உங்கள் ஊருக்கு எதிர்க்கரை யாழ்ப்பாணத்தில் ‘விண்’ கட்டிப் பட்டம் விடுவார்களே, அந்த மாதிரி. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் எனக்கு ஒன்று செய்து கொடுத்தான். ஆறு மூலை, சிவப்பும் மஞ்சளும், வால் பழைய வேட்டித் துணி. அது என் வேட்டிதான். குச்சிகளைக் கழற்றி, காகிதத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். உன் பள்ளி முகவரியை ஆசிரியருக்கு எழுது, அனுப்பி வைக்கிறேன். கூட ஒரு தாளில் எந்தக் குச்சி எங்கே வரும் என்று படம் போட்டிருக்கிறேன். பாடும் பட்டையை மட்டும் கடைசியில் ஒட்டு. நூல் தளர்ந்திருந்தால் அது பாடாது.